வலது ஓரம்

"என் படங்களை யாரோ வெட்டறாங்க, சார்" என்றபடி துப்பறிவாளரின் அறைக்குள் வந்த புகைப்படக்காரரின் வலது தோள் கதவு நிலையில் இடித்தது. வாசலுக்கு வலப்புறம் நின்று கை நீட்டிய துப்பறிவாளரின் மைத்துனரை அவர் கவனிக்கவே இல்லை. நீட்டிய கையால் மைத்துனர் தன் தலையைக் கோதிக்கொண்டார்.

துப்பறிவாளரை ஊரில் எல்லோரும் 'நிதானம்' என்றுதான் அழைப்பார்கள். மைத்துனர் அவர் மனைவியின் தம்பி. எந்த வழக்கிலும் முதல் ஐந்து நிமிடத்தில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவார், பெரும்பாலும் தப்பானவரை.

புகைப்படக்காரர் மேசையில் படங்களைப் பரப்பினார். ஏரி, மலை, மூடுபனியில் வயல்.

"காலண்டருக்கு எடுத்தது. வைட் ஆங்கிள் லென்ஸ்ல தூரத்து மலை கடுகாப் போயிடும். முன்னால கனமா ஒண்ணு வேணும். அதுக்காகவே கீழ் ஓரத்துல பாறை வர்ற மாதிரி எடுத்தேன். மாதிரி அச்சுல பாதிப் பாறைதான் இருக்கு! அச்சகம் என் கூட்டாளியோடது. அவன் வேலைதான். நாளைக்கு உறவையே முறிச்சுக்கப் போறேன்."

"எடுக்கும்போதே தவறியிருக்கலாமே?"

"நாலு மூலையையும் பார்க்காம நான் பட்டனைத் தொட்டதே இல்ல, சார். கண்ணைக்கூட உருட்டமாட்டேன். வலது கண்ணால ஒரே பார்வை, நாலு மூலையும் வந்து விழும்." பெருமையாகக் கையை வீசினார். வலப்பக்கம் இருந்த தேநீர்க் கோப்பை உருண்டது.

"கூட்டாளியேதான் அத்தான்" என்றார் மைத்துனர், மேசையைத் துடைத்தபடி.

நிதானம் அடிக்கோலை எடுத்து அளந்தார். "காலண்டர்ல இடம் பத்தாம வெட்டினா படத்தோட நீள அகல வடிவம் மாறும். இது கேமரா தர்ற அதே வடிவம். யாரோ பார்த்துப் பார்த்து வெட்டியிருக்காங்க. மூலப் படங்கள் எங்க?"

"வீட்ல. கம்ப்யூட்டர் பக்கமே நான் போறதில்ல. எடுக்கறது நான், சரிபார்த்து அச்சுக்கு அனுப்பறது என் சம்சாரம்."

மூவரும் புகைப்படக்காரரின் வீட்டுக்குப் போனார்கள். கூடத்தில் நடக்கும் வழியோரம் தரைவிரிப்பில் நான்கு பள்ளங்கள் இருந்தன. நெடுநாள் அங்கே நின்ற நாற்காலி இப்போது மூலையில் கிடந்தது. எதிர்கொண்டு வந்த மனைவி, கணவருக்கும் சுவருக்கும் நடுவே, அவருடைய வலப்பக்கமாக வந்து சேர்ந்துகொண்டார்.

மூலப் படங்களைக் நிதானம் கேட்டதும் மனைவியின் முகம் வாடியது. சற்றுத் தயங்கிவிட்டுக் கம்ப்யூட்டரில் திறந்தார்.

ஏரிப் படத்தின் வலது மேல் மூலை கருத்திருந்தது. புகைப்படக்காரர் குனிந்து அதையே உற்றுப் பார்த்தார். "இது ஃபில்டர் சட்டம்! வானம் வெளுத்துப் போகாம இருக்க, மேல்பாதி கருத்த கண்ணாடியை லென்ஸ் முன்னால போடுவேன். அதை மாட்டற சட்டம் சாய்ஞ்சா மூலையில இப்படித் தெரியும். கத்துக்குட்டி செய்யற தப்பு."

அடுத்த படத்தில், வலது ஓரத்தில் பாதிக் குடை. மனைவியின் நீலக் குடை.

"எல்லாத் தப்பும் வலது ஓரத்துல" என்றார் நிதானம். "எந்தப் படத்துலயும் இடது ஓரம் வெட்டுப்படலை. அய்யா, இடது கண்ணை மூடிக்கிட்டு என் மூக்கையே பாருங்க. இந்தப் பக்கம் எத்தனை விரல் காட்டறேன்?"

"எந்தப் பக்கம்?"

மைத்துனருக்கு அப்போதுதான் தன் கை ஞாபகம் வந்தது.

"கதவு, கோப்பை, இவர் நீட்டின கை, எல்லாமே உங்க வலப்பக்கம். நடுப்பார்வை நல்லா இருக்கு, ஓரம் தேயுது. விட்டுப்போனதை மூளையே இட்டுநிரப்பிடும். அதனால உங்களுக்கே தெரியலை. போனது திரும்புமான்னு டாக்டர்தான் சொல்லணும். மிச்சத்தைக் காப்பாத்தலாம், ஆனா இன்னிக்கே போகணும்."

மனைவி முந்தானையைக் கசக்கினார். "சொன்னா கேமராவை மூட்டை கட்டிடுவார்னு பயந்தேன். அதான் நானே வெட்டினேன். வலது ஓரத்தை எடுத்தா கீழயும் எடுத்தாத்தான் வடிவம் மாறாம இருக்கும். பாறையைத் தேடுவார்னு நினைக்கலை."

"பாறையைத் தேடாம?" என்றார் புகைப்படக்காரர். "இப்பெல்லாம் நீ என் வலப்பக்கமாவே நடக்கறியே, அதைப் பாசம்னு நினைச்சேன்."

"வேற என்னவாம்?"

மைத்துனர் போய் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தார்.

கூட்டாளியின் அச்சகத்திலேயே அச்சான காலண்டரை, சில மாதங்கள் கழித்துப் புகைப்படக்காரரே கொண்டுவந்து கொடுத்தார். கண்ணில் விடுகிற மருந்து சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது. கதவருகே ஒரு நொடி நின்று, தலையை வலப்பக்கம் திருப்பி, மைத்துனரின் கையைப் பற்றிக் குலுக்கினார்.

அட்டைப்படம் புதிது. அதே ஏரி, முழுப் பாறை, கறுப்பில்லாத வானம். வலது ஓரத்தில் நீலக் குடை.

"அய்யய்யோ, மறுபடியும் குடை!" என்றார் மைத்துனர்.

"தெரியும்" என்றார் புகைப்படக்காரர். "இந்தத் தடவை பார்த்துட்டுத்தான் எடுத்தேன்."