வாய் கொப்பளிக்காதவள்

தண்ணீர்த் தொட்டி இருமியது.

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த நெரிடா கையை நிறுத்தினாள். மழை பெய்து மாதக்கணக்காகிறது. வீட்டின் பின்னால் நிற்கும் அந்தப் பெரிய தகரத் தொட்டியில் அடி வண்டல்தான் மிச்சம். வெயிலில் தகரம் முனகுவது வழக்கம்தான். ஆனால் இது தொண்டையைச் செருமிக்கொண்டு இருமிய இருமல், அதிலும் அவளுடைய இருமல்.

அவளுக்குக் குரல் போய் ஒரு வாரமாகிறது. ஆஸ்துமாவுக்குக் காலையும் மாலையும் இழுக்கும் பழுப்பு இன்ஹேலரின் வேலை அது. இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படியும், தொண்டை கட்டும் என்று மருந்துக்கடைப் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பல் துலக்கிய தண்ணீரைக்கூடச் செடிக்கு ஊற்றுகிற ஊரில், தொட்டி வற்றிக் கிடக்கும்போது யார் கொப்பளித்துத் துப்புவார்கள்? நெரிடா எச்சிலை விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

நீல இன்ஹேலர் வேறு ரகம். மூச்சுத் திணறும்போது அழுத்தினால் நெஞ்சு திறக்கும். கூடவே கை நடுங்கும், இதயம் தாறுமாறாக அடிக்கும், உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. அதனால் தன் பயத்தையே அவள் நம்புவதை விட்டிருந்தாள். பாலைப் பக்கமிருந்து வரும் வடக்குக் காற்று சுட்டெரித்து, புல்லின் பூந்தூள் ஜன்னல் இடுக்கெல்லாம் மஞ்சளாகப் படிந்து, வைக்கோல் தூசியின் வாடை வீட்டையே நிறைத்திருந்த அந்தப் பிற்பகலில், அடுப்புக்கும் கதவுக்குமாக நடந்தபடி, எல்லாம் மருந்துதான், மருந்துதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

வயலில் இருப்பவர்களோடு பேச மேசைமேல் வைத்திருந்த இருவழி ரேடியோ கரகரத்தது. கோதுமை வயலில் அறுவடை எந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த கணவன் கிளெம்தான்.

“அட, என் தவளை பேசுதே! ஒருவழியா குரல் திரும்பிருச்சா, நெரி?”

குரல் கட்டியதிலிருந்து அவளுக்கு அவன் வைத்த பெயர் தவளை. ஆனால் அவள் வாயே திறக்கவில்லை.

“தொட்டிக்கிட்ட வா, கிளெம்,” என்றது ரேடியோ. நோய்க்கு முன் அவளுக்கிருந்த அதே தெளிவான குரல். “ஒண்ணு காட்டணும்.”

“தோ வர்றேன். டீயாவது போட்டு வச்சியா?”

நெரிடா பொத்தானை அழுத்திக் கத்தினாள். காற்றுதான் வந்தது.

“எவனோ பெருமூச்சு விடுறான் பாரு!” கிளெம் சிரித்தான். “டேய், புருஷன் பொண்டாட்டி பேசுறோம். வேற சேனலுக்குப் போடா.”

அவள் வெளியே ஓடினாள். படியிறங்குவதற்குள் காற்றிலிருந்த பூந்தூள் நெஞ்சை அடைத்துவிட்டது. மண்டியிட்டு நீல இன்ஹேலரை அழுத்தினாள். மறுபடி. மறுபடி. இதயம் விலா எலும்பில் மோதியது. கை நடுங்கி இன்ஹேலர் மண்ணில் விழுந்தது.

கிளெமின் வண்டி வந்து நின்றது. அவன் அவளைப் பார்க்கவில்லை. தொட்டியைத்தான் பார்த்தான்.

“மேலே ஏறி வாயேன்,” என்றது உள்ளிருந்து அவள் குரல்.

அவன் ஏணியில் ஏறினான். அவள் தவழ்ந்தாள். ஒரு கல்லை எடுத்து வீசினாள். நடுங்கிய கையிலிருந்து அது கைக்கெட்டும் தூரத்திலேயே விழுந்தது. கிளெம், கிளெம். சத்தமே இல்லை.

மேலே அவன் மூடியைத் திறந்து குனிந்தான்.

“இங்கேயா இருக்கே? எப்படிடீ உள்ள போனே? கையைக் குடு.”

தோள் உள்ளே போனது. பிறகு இடுப்பு. பிறகு பூட்ஸ்.

விழுந்த சத்தம் இல்லை.

அவள் தொட்டியை அடைந்து தகரத்தில் அறைந்தாள். காலித் தகரம்போல் அது அதிரவில்லை. நிறைந்திருந்தது. அவள் தலைக்கு மேலே வரை தகரம் சில்லென்று வியர்த்திருந்தது.

“நெரி.” உள்ளிருந்து கிளெம் கூப்பிட்டான். கோபமோ வலியோ இல்லாத குரல், சாப்பாட்டு மேசையில் கூப்பிடுவது மாதிரி. “வாய் கொப்பளிச்சுக்கோ. தண்ணி நிறைய இருக்கு.”

பக்கத்திலேயே அவளுடைய குரல் மெல்லச் சிரித்தது.

நெரிடா தன் கையைப் பார்த்தாள். அத்தனை நேரம் ஓயாமல் நடுங்கிய கை இப்போது நடுங்கவில்லை. அது தொட்டியின் குழாயைத் திறந்துகொண்டிருந்தது.