இடது இறக்கையில் ஒரு சதுரம்

"என் மனைவியோட கட்டைவிரல் ரேகையை யாரோ அழிச்சிட்டாங்க சார்."

ஆரோன் அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்தான். எதிரே, தன் வீட்டு நாற்காலியில் வேதசிரோமணி, காவல்துறை ரேகைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் சுகுமார். இருவரும் தினமும் செம்பாக்கம் ஏரியைச் சுற்றி நடப்பவர்கள். வழக்கு என்று வந்தால் சுகுமாருக்குக் காபிகூட மறந்துவிடும்.

பெட்டிக்குள் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் விமானம். தாம்பரத்தில் தலைக்கு மேல் பறக்கும் பயிற்சி விமானங்களைப் பார்த்து அவன் மனைவி ஜோவிதா ஆசைப்பட்டு வாங்கியது. பாகம் பாகமாக ஒட்டினாள். பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் வாங்கி, இடது இறக்கைக்கு மட்டும் ஆரஞ்சு அடித்தாள். காய்வதற்குள் தொட்டுவிட்டாள். ரேகை பதிந்தது. "போச்சு!" என்று சிரித்தாள். அடுத்த வாரம் காய்ச்சல். அதோடு அவள் இல்லை.

அவள் அதை ஒட்டிய மேசையை ஆரோன் யாரையும் தொடவிடவில்லை. அலுவலக வேலையாகக் கோவை போய்த் திரும்பியபோது விமானத்தின் உடலும் இறக்கைகளும் முழுக்க ஆரஞ்சாக இருந்தன.

"அவ போட்டோ நிறைய இருக்கு சார். ஆனா இது அவ கை."

"வீட்டுச் சாவி வேற யார்கிட்ட?"

"மச்சான் தாவீது. கார் பெயிண்ட் ஷாப் வெச்சிருக்கான். அப்புறம் இரும்புலியூர்ல அத்தை ரத்தினபாய், ஜோவிதாவோட அம்மா. ரிட்டையர்டு நர்ஸ்."

"பெயிண்ட் ஷாப்பா!" சுகுமார் தொடையைத் தட்டினார். "முடிஞ்சுது சார் கேஸ்."

"காபியக் குடிய்யா, ஆறுது."

வேதசிரோமணி லென்ஸை எடுத்தார். விமானத்தின் வயிற்றுப் பக்கம் மணல் தூவினாற்போல் சொரசொரத்தது. இடது இறக்கையில் ஒரு சிறு சதுரம் மேடாகத் தெரிந்தது. ஆரோன் கைபேசியில் ஜோவிதாவின் மேசையைத் திரும்பிய அன்று எடுத்த படத்தைக் காட்டினான். ஏர்பிரஷின் ஊசி, மூக்கு, கிண்ணம் எல்லாம் கழற்றிக் கழுவப்பட்டு, மடித்த வெள்ளைத் துணிமேல் வரிசையாக இருந்தன.

"ரெண்டு பேரையும் சாயங்காலம் வரச் சொல்லுங்க" என்றார்.

மாலையில் ஆரோனின் வீட்டில் தாவீது முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நானா? இப்படி அடிச்சா என் கஸ்டமர் என்னை அடிப்பான் சார்!"

"அதான் நானும் நினைச்சேன்" என்றார் வேதசிரோமணி. "தூரத்துல வெச்சு அடிச்சதுல பெயிண்ட் காத்துலயே காஞ்சு, பொடியா வந்து ஒட்டியிருக்கு. புதுசாப் பழகுற கை. ஆனா கருவிய அடுக்கி வெச்சதுல மட்டும் நல்ல பழக்கம். ஆபரேஷன் தியேட்டர் மாதிரி."

ரத்தினபாய் தலைகுனிந்தார்.

"அப்புறம் இந்தச் சதுரம். விமானத்துல இருக்குற மூடின்னு நினைச்சேன். வலது இறக்கையில இல்ல. ஓரத்துல பாருங்க, பொடிப்பொடியா ஓட்டை. பெயிண்ட் கடை டேப் இல்ல. ஊசி போட்ட இடத்துல ஒட்டுற காகிதப் பிளாஸ்டர்."



"பாதியில நின்னுச்சு அது" என்றார் ரத்தினபாய். "கிறிஸ்துமஸ்க்குள்ள முடிச்சிடுறேம்மான்னு சொன்னா. பாயசத்துக்கு வாங்கின பிளாஸ்டிக் ஸ்பூன்ல எல்லாம் அடிச்சுப் பழகினேன். உங்ககிட்டக் கேட்க பயம், மாப்பிள்ளை. நீங்கதான் யார்கூடவும் பேசுறதில்லையே."

ஆரோன் பிளாஸ்டரையே பார்த்தான். "உரிச்சா... அடியில இருக்கறதும் வந்துடுமா?"

"வராது. என் கையில ரெண்டு தரம் ஒட்டி எடுத்து, பசையக் குறைச்சிட்டுத்தான் ஒட்டினேன். வயசானவங்க தோலுக்கு அப்படித்தான் செய்வோம்."

அவரே நகத்தால் ஓரத்தைக் கிளப்பினார். விமானத்தை நோயாளியின் கைபோலப் பிடித்துக்கொண்டு, "அவ்வளவுதான்... அவ்வளவுதான்..." என்று முணுமுணுத்தபடி உரித்தார்.

சதுரத்துக்குள் சற்று மங்கிய ஆரஞ்சு. அதில் ஒரு கட்டைவிரல். ஒரு கோடும் குலையவில்லை.

சுகுமார் மூக்கை உறிஞ்சினார். தாவீது சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆரோன் விமானத்தைத் தலைகீழாகத் திருப்பினான். சக்கரங்கள் இன்னும் வெறும் சாம்பல் நிறத்தில் இருந்தன.

"கறுப்பு அடிக்கணும் இல்ல, அத்தை?"

"அடிக்கணும்."

அவன் அலமாரியைத் திறந்து, அடிச்சுப் பழக ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன் தேடினான்.