மெதுவாகத் தட்டுகிறவள்

அந்தக் குவார்ட்டர்ஸ் எங்களுக்கு அலாட் ஆனபோது எனக்குப் பதினைந்து வயது. பழைய வீடுதான். ஒரு ஹால், இரண்டு அறைகள், பின்பக்கம் ஒரு முருங்கை மரம். அம்மா திலகவதி அடுப்பில் பால் காய்ச்சினாள். அப்பா இசக்கிமுத்து ஒவ்வொரு சன்னலாகத் திறந்து மூடிப் பார்த்தார். எனக்கென்று ஒதுக்கிய பின்னறையின் கதவருகே நான் நின்றுவிட்டேன்.

அதன் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

"அம்மா, ரூமுக்கு வெளிய எதுக்குத் தாழ்ப்பாள்?"

"ஸ்டோர் ரூமா வச்சிருந்திருப்பாங்க. ஏட்டி, போய்ச் சாமானை எடுத்து வை."

உள்ளே போய்க் கதவைப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில், ஒரு ரூபாய் காசு அளவுக்குப் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. எலி சுரண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நைட் ஷிஃப்ட் வாரம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அப்பா இரவு பத்து மணிக்கு நிலக்கரி மைன்ஸுக்குப் போய்க் காலையில் திரும்புவார். ஏழு மணிக்குப் படுத்தால் மதியம் இரண்டு வரை தூக்கம். அதுவரை வீட்டில் ஒரு சத்தம் எழக்கூடாது. காலிங் பெல்லை அணைத்துவிடுவோம். குக்கர் விசில் அடிக்கும் முன்பே அம்மா இடுக்கியால் வெயிட்டைத் தூக்கிவிடுவாள். நான்கு வயதில் என் கொலுசைக் கழற்றியதும் அதற்காகத்தான். அழுவதாக இருந்தால்கூட மரத்தடிக்குப் போய்த்தான் அழ வேண்டும். அப்படி வளர்ந்த பிள்ளைக்குச் சத்தம் போடுவதே ஒரு பாவம் மாதிரி ஆகிவிடும்.

பொதுத்தேர்வுக்கு முன் படிப்பதற்கு லீவு விட்டார்கள். அப்போதுதான் அம்மா என் போனைப் பார்த்தாள். என் வகுப்பு நெடுமாறன் அறிவியல் நோட்ஸ் அனுப்பி, கடைசியில் ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தான். அவன் தன் கிரிக்கெட் டீமுக்கும் அதே இதயத்தைத்தான் போடுவான். யாரிடம் சொல்ல? அன்று இரவு அம்மாவும் அப்பாவும் ரொம்ப நேரம் மெதுவாகப் பேசினார்கள். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவு நைட் ஷிஃப்ட் வாரம் தொடங்கியது. திங்கட்கிழமை காலை, மந்தாரக்குப்பத்தில் டீச்சர் வேலைக்குக் கிளம்பிய அம்மா, டிபன் டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் என் மேசையில் வைத்தாள்.

"ரெண்டு மணிக்கு அப்பா எந்திச்சுத் தொறப்பாவ. அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாது."

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

தூங்குவதற்கு வெளிச்சம் ஆகாது என்று சன்னல்களிலெல்லாம் அட்டை ஒட்டியிருந்தோம். என் அறையில் மட்டும் ஓர் ஓரம் பிய்ந்து, அந்த வழியாகக் கொஞ்சம் வெயில் விழுந்தது. அடுத்த அறையில் அப்பாவின் குறட்டை. மேலே மின்விசிறி. பத்து மணி இருக்கும்.

டக். டக். டக்.

யாரோ கதவைத் தட்டினார்கள். விரல் முட்டியால், தட்டுவதா வேண்டாமா என்று யோசித்துத் தட்டுகிற மாதிரி.

"அப்பா?" என்று மெல்லக் கேட்டேன். குறட்டை நிற்கவில்லை.

டக். டக். டக்.

அப்போதுதான் கவனித்தேன். சத்தம் கதவின் கீழ்ப்பக்கத்திலிருந்து வந்தது.

அந்தப் பக்கம் இல்லை. இந்தப் பக்கம்.

மாலையில் அம்மாவிடம் சொன்னேன். "படிக்காம இருக்கதுக்குப் புதுக்கதையா?" என்றாள்.

மறுநாள் தெருக் கூட்டும் செங்கமலம் தண்ணீர் கேட்டுச் சன்னல் பக்கம் வந்தார். பாட்டிலைக் கம்பி வழியாக நீட்டினேன். பிய்ந்த அட்டைக்கு நடுவே என் முகத்தைப் பார்த்ததும் அவர் கை அப்படியே நின்றது.

"உன்னியும் உள்ள வெச்சி சாத்திட்டாங்களா?"

"என்னையும்னா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்த வூட்டுல மின்ன அன்புக்கரசின்னு ஒரு பொண்ணு இருந்துச்சிம்மா. உன் வயசுதான். பரிச்சைக்குப் படிக்கணும்னு பூட்டி வெச்சாங்க. அதுக்கு வீசிங். இழுப்பு மருந்து ஹால்ல இருந்துச்சி. அப்பங்காரரு நைட் ஷிஃப்ட்டு முடிஞ்சி தூங்கிக்கினு இருந்தாரு. பாவம், அவரு எழுந்துருவாருன்னு கத்தக்கூட இல்ல. மெல்லமா தட்டிக்கினே இருந்திருக்குது."

"அவருக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சாம். 'தட்டுச்சி, அப்புறம் நின்னுச்சி, சரி படிக்க ஆரம்பிச்சிடுச்சின்னு நெனைச்சேன்'னு சொல்லிச் சொல்லி அழுதாரு. லாரில சாமான் ஏத்தறப்பக்கூட அதையே சொல்லிக்கினு இருந்தாரு."

அம்மாவிடம் இதையும் சொன்னேன். அவள் முகம் ஒரு நிமிடம் மாறியது உண்மை. பிறகு, "அந்தப் பிள்ளைக்கு வீசிங். உனக்கு என்ன?" என்று கேட்டாள்.

புதன்கிழமை ரிவிஷன் டெஸ்டுக்குப் பள்ளிக்கூடம் போனேன். வாழ்க்கையில் முதல் முறையாகக் கணக்குப் பரீட்சை இனித்தது.

வியாழக்கிழமை மறுபடியும் தாழ்ப்பாள் விழுந்தது.

பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. ஊர் ஊராகக் கரண்ட் அனுப்புகிற எங்கள் ஊரில் அது அபூர்வம். மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது. புழுக்கம். எங்கிருந்தோ தைல வாசனை வந்தது. எங்கள் வீட்டில் யாரும் தைலம் தேய்ப்பதில்லை.

பிறகு மூச்சுச் சத்தம்.

ஈ... ஈ... என்று மெல்லிய விசில் போல, கதவோரம் தரையிலிருந்து வந்தது.

எனக்கு நெஞ்சு அடைத்தது. காற்றை இழுத்தால் பாதியில் நின்றது. கட்டிலை விட்டு இறங்கியது நினைவிருக்கிறது. கதவுக்குப் பக்கத்தில் எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

டக். டக். டக்.

தட்டியது என் கை.

பெயிண்ட் தேய்ந்த அதே இடத்தில், என் விரல் முட்டி மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. கத்த வேண்டும் என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

"அப்பா..."

ரகசியம் சொல்வது போலத்தான் வந்தது. இன்னொரு முறை முயன்றேன். அதைவிட மெதுவாக வந்தது. இப்படித்தான் அவளும் செத்திருப்பாள் என்று புரிந்தபோது எனக்கு வந்தது பயமா கோபமா, இன்றும் சொல்லத் தெரியவில்லை. மேசைக் காலைப் பிடித்து எழுந்து, எவர்சில்வர் டிபன் டப்பாவை எடுத்துக் கதவின் மேல் வீசினேன். அது விழுந்த சத்தத்தில் என் தொண்டையும் திறந்துகொண்டது.

"அப்பா!"

அப்பா ஓடி வந்து திறந்தார். கண் சிவந்திருந்தது. அவரைக் கட்டிக்கொண்டேன்.

"உள்ள யாரோ தட்டுதாங்கப்பா."

"தட்டுறது நீதானேட்டி? தெனமும்தான் கேக்கு. நேத்து ரொம்ப நேரம் தட்டுன. எந்திச்சா தூக்கம் போயிரும்னு படுத்துக் கிடந்தேன். அப்புறம் நின்னுட்டுது. சரி, படிக்க ஆரம்பிச்சிட்டன்னு நெனைச்சேன்."

நான் கையை எடுத்துவிட்டேன்.

அதுவரை அப்பா என்றால் கூப்பிட்ட குரலுக்கு வருகிறவர் என்றுதான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை அந்த வாசற்படியிலேயே போயிற்று. பேய்க்குப் பயந்தது ஒரு வாரத்தில் தெளிந்திருக்கும், இது தெளியவில்லை.

"அப்பா, நேத்து நான் ஸ்கூல்லல்லா இருந்தேன்."

அவர் அறைக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலையே தாழ்ப்பாளைக் கழற்றினார். கதவுக்கு இரண்டு கோட்டிங் பெயிண்ட் அடித்தார். வேறு குவார்ட்டர்ஸுக்கு எழுதியும் கொடுத்தார். அது வரும்வரை நான் ஹாலில் படுத்துக்கொண்டேன். பரீட்சையும் முடிந்தது.

ஏப்ரலில் மறுபடியும் நைட் ஷிஃப்ட் வாரம் வந்தது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பின்னறையில் யாரும் இல்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது. அன்று லீவு போட்டிருந்த அம்மா சமையலறையில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன்.

டக். டக். டக்.

அம்மா திரும்பாமலே, பழக்க தோஷத்தில் சொன்னாள்.

"சத்தம் போடாதட்டி. அப்பா தூங்குதாவல்லா."

"அம்மா, நான் இங்கதான் நிக்கேன்."

அவள் கையிலிருந்து கரண்டி நழுவியது. அது தரையில் விழும் முன் நான் பிடித்துவிட்டேன். வளர்ப்பு அப்படி. இருவரும் அசையாமல் நின்று கேட்டோம்.

தட்டுவது நிற்கவில்லை.

அம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டு, இன்னும் மெதுவாகத் தட்டியது.