வெண்டல் குரோக்கரின் காணாமல் போன அச்சுப்பலகை

வியாழக்கிழமை காலை. விடிந்தும் விடியாத நேரம். ஓஹியோ மாநிலத்தின் எல்ம் க்ரீக் ஊரில் அன்று இருந்த குளிரில் நாய் குரைத்தால் குரைப்பு பாதி வழியிலேயே உறைந்து தரையில் விழுந்திருக்கும். வெண்டல் குரோக்கர் வீட்டின் உள்கதவு வழியாகத் தன் கேரேஜுக்குள் நுழைந்து விளக்கைப் போட்டான். சுவரில் இரண்டு கொக்கிகள் இருந்தன. கொக்கிகளில் ஒன்றும் இல்லை.

அவன் போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்து மனைவி டார்லீன் தோசைத்திருப்பியோடு ஓடிவந்தாள். முட்டை அடுப்பிலேயே கருகியது.

காணாமல் போனது ஓர் அச்சுப்பலகை. எட்டடி நீளம், நாலடி அகலம், இரண்டு முனையும் உருண்ட நீள்வட்டம். மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை, அதே அளவு பிளைவுட்டைவிட ஏகத்துக்குக் கனம். கொக்கியிலிருந்து இறக்கப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து மூச்சுப்பிடித்தாக வேண்டும். பிளைவுட்டை அதன்மேல் இறுக்கி, ஓரத்தோடு ரூட்டர் என்ற வெட்டு மெஷினை ஓட்டினால் போக்கர் சீட்டாட்டத்துக்கான ஒரு மேசையின் மேல்பலகை தயார். பத்துப் பேர் முழங்கை இடிக்காமல் உட்காரலாம். அந்த வளைவைக் கண்டுபிடிக்க வெண்டல் ஒரு குளிர்காலம் முழுக்கச் செலவழித்தான். கோடு போட்டான், அழித்தான், சாப்பிட மறந்தான், ஒருமுறை குளிக்கவும் மறந்தான் என்று டார்லீன் சொல்வாள். ஒருமுறை என்பது அவளுடைய பெருந்தன்மை.

தொலைக்காட்சியில் போக்கர் பந்தயங்கள் ஊரையே பைத்தியமாக்கியிருந்த வருடம் அது. பல் டாக்டரிலிருந்து பாதிரியார் வரை எல்லோருக்கும் வீட்டில் ஒரு போக்கர் மேசை வேண்டும். கடைத்தெருவில் பாய்ட் மெர்சர் விற்ற மேசையின் விலைக்கு நல்ல நிலையில் ஒரு பழைய கார் வாங்கலாம். வெண்டலின் மேசை முந்நூறு டாலர். மடக்குக்கால், மெத்தென்ற ஃபோம், வழவழவென்று சீட்டு சறுக்கும் துணி, கை ஊன்ற ஓரமெங்கும் ரெக்சின் தைத்த கைப்பிடி, ஆளுக்கொரு கப் வைக்கும் குழி. பாய்ட் அந்த மேசையைப் பார்த்த அன்று அவர் தலையில் மிச்சமிருந்த மூன்று முடியும் கொட்டிவிட்டன.

கண்ணாடி ஆலை மூடி வேலை போன பிறகு வெண்டலுக்கு இருந்த ஒரே பிடிமானம் இதுதான். சனிக்கிழமை தீயணைப்புப் படையின் மண்டபத்தில் தர்மத்துக்கு நிதி திரட்டும் போக்கர் போட்டி. எட்டு மேசை கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தான். ஐந்து போய்விட்டன, மூன்று பாக்கி. சொன்னபடி கொடுத்தால் மாவட்டத்தில் பாதிப் பேர் அவன் மேசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள், தொழில் நிலைக்கும். கொடுக்காவிட்டால் திங்கள்கிழமை மருமகன் வேலை பார்க்கும் கிடங்கில், வேறு மாநிலத்தில், பெட்டி தூக்கப் போக வேண்டும். வீட்டை விற்கும் பேச்சு ஏற்கெனவே சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டிருந்தது.

தகவல் போனதும் காவல்துறையிலிருந்து ஓர் ஆள் வந்தான். மரக்கட்டையை யார் திருடுவார்கள் என்று கேட்டான். காபி குடித்தான். போய்விட்டான்.

அதன் பிறகுதான் எதிர்வீட்டிலிருந்து இமோஜீன் ஸ்ப்ரேக் தெருவைக் கடந்து வந்தாள். வயது எழுபதை நெருங்கியது. காப்பீட்டுக் கம்பெனிக்காக வாழ்நாள் முழுக்கப் பொய்த் தீவிபத்துகளை மோப்பம் பிடித்தவள். அவள் ஓய்வுபெற்ற அன்று மூன்று மாவட்டங்களில் கிட்டங்கிகள் தானாகத் தீப்பிடிக்க ஆரம்பித்தன என்பார்கள். வியாழன்தோறும் வெண்டல் வீட்டுப் போக்கரில் அவளுக்கு ஒரு நாற்காலி உண்டு. அவள் எதிரே வெற்றுச் சீட்டை வைத்துக்கொண்டு ஜம்பம் அடித்தவன் எவனும் சந்தோஷமாக வீடு திரும்பியதில்லை.

“நேத்து சாயங்காலம் என்ன நடந்துச்சு? அழகுபடுத்தாம சொல்லு,” என்றாள்.

வெண்டல் சொன்னான். மதியம் பாய்ட் மெர்சர் வந்து, தொழிலை அப்படியே வாங்கிக்கொள்வதாக இழுத்துப் பேசினார். வெண்டல் வெளியே அனுப்பிவிட்டான். சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் தேவாலயத்து விருந்துக்குப் போனார்கள். அவர்கள் கிளம்பும்போதுதான் பனி கொட்ட ஆரம்பித்தது. கேரேஜில் இருந்தது கிளைட் ஹாலோவே மட்டும். ஆலைக் காலத்து நண்பன், மேசை வேலைக்குக் கூட நிற்பவன். தன் மாமனாரின் பிறந்தநாளுக்காக ஒரு மேசை செய்துகொண்டிருந்தான். காலும் கைப்பிடியும் இல்லாத வெறும் மேல்பலகை. சாப்பாட்டு மேசைமேல் போட்டு ஆடிவிட்டுக் கட்டிலடியில் தள்ளிவிடலாம். பிளைவுட்டைப் போன வாரமே வெண்டல் வெட்டிக் கொடுத்துவிட்டான். ஃபோம் ஒட்டி, துணி இழுத்து, ஸ்டேப்ளர் பின் அடிப்பதுதான் பாக்கி. முடித்து, பசை காய மேசையை அங்கேயே விட்டுவிட்டுப் பக்கக் கதவைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறான்.

“அப்ப பாய்ட்தான். அந்த மனுஷன் மூஞ்சியே சரியில்ல,” என்றாள் டார்லீன்.

இமோஜீன் வெளியே போய்ப் பார்த்தாள். பெரிய கதவின் அடியில் பனி உறைந்து பாறையாகியிருந்தது; யாரும் அதைத் தொட்ட அடையாளம் இல்லை. பக்கக் கதவிலிருந்து தெருவுக்கு ஒரே ஒரு ஜோடி பூட்ஸ் தடம். கிளைட்டுடையது. வீட்டு முன்வாசலில் தம்பதியும் காவல்காரனும் வந்துபோன தடம் மட்டும்; கேரேஜைச் சுற்றி வேறு மனிதத்தடம், வண்டித்தடம், பூனைத்தடம் ஒன்றும் இல்லை.

சங்கடம் அங்கேதான் ஆரம்பித்தது. பனி நின்ற பிறகு கிளைட் அந்தக் கதவைப் பூட்டிக்கொண்டு போனதை இமோஜீனே பார்த்திருந்தாள். தன் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தாள். கிளைட்டின் ஒரு கையில் கோலா கேன், மறு கை கோட்டுப் பையில். எட்டடிப் பலகையைக் கோட்டுப் பையில் வைக்க முடியாது.

“கிளைட்டைத் தவிர யாரும் வரல. கிளைட் ஒண்ணும் கொண்டுபோகல. அதுக்கு நானே சாட்சி,” என்றாள் அவள். தன் சாட்சியத்தின் மீதே அவளுக்கு எரிச்சல் வந்தது.

மறுபடி கேரேஜுக்குள் வந்தாள். வந்தவுடனே கழுத்துத் துணியை அவிழ்த்தாள். உள்ளே ரொட்டி சுடும் அளவுக்குச் சூடு. மூலையில் இருந்த விறகடுப்பின் சாம்பல்தட்டு நிரம்பி வழிந்தது. பசை டப்பாக்கள் இருக்கும் இடத்தில் அடுப்பா என்று அவள் ஐந்நூறு தடவை திட்டியிருக்கிறாள். அன்று திட்டவில்லை. பக்கத்தில் எரிப்பதற்கென்று துண்டுக்கட்டை போட்டுவைக்கும் பீப்பாயை எட்டிப் பார்த்தாள். வாய்வரை நிறைந்திருந்தது.

“நேத்து எவ்வளவு கட்டை இருந்துச்சு?”

“இதே அளவுதான்,” என்றான் வெண்டல். “இமோஜீன், எனக்குக் கட்டை வேணாம். பலகை வேணும். இல்லாட்டியும் மேசை போய்ச் சேரும். கையால கோடு போட்டாவது வெட்டுவேன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஒரு பிளைவுட்டை இழுத்துப் போட்டு வளைவு வரையத் தொடங்கிவிட்டான். மூன்று முறை வரைந்தான். முதலாவது முட்டை போல வந்தது, இரண்டாவது செருப்பு போல. மூன்றாவதை எதோடும் ஒப்பிடாமல் இருப்பது மரியாதை.

நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் கிளைட் தன் வண்டியோடு வந்தான். மேசையை எடுத்துப்போக. கையில் கோலா கேன். சேதி கேட்டுத் தலையில் கை வைத்தான். பாய்ட்டை நாலு வார்த்தை திட்டினான். அந்த வார்த்தைகளில் இரண்டு டார்லீனுக்குப் புதிது.

இமோஜீன் ஒரு வழி சொன்னாள். மண்டபத்துக்குப் போன ஐந்தையும் தொட முடியாது. கைப்பிடி ஒட்டித் திருகியாகிவிட்டது, பிரித்தால் உடையும். ஆனால் கிளைட்டின் மேசையில் கைப்பிடி இல்லை. துணியைப் பிரித்து, உள்ளே இருக்கும் பலகையின் ஓரத்தை வரைந்துகொண்டால் வளைவு கிடைத்துவிடும்.

வெண்டலின் முகம் மலர்ந்தது. கிளைட்டின் முகம் மலரவில்லை.

“என்னங்க இமோஜீன், இன்னிக்குச் சாயங்காலம் பிறந்தநாள். பின் பிடுங்கினா துணி கிழியும். அந்தச் சிவப்பு, சுருள்ல கடைசித் துண்டு. மாமனார் ஏற்கெனவே என்னை மனுஷனாவே மதிக்கறதில்ல,” என்றான்.

நியாயமாகத்தான் இருந்தது. வெண்டலே தலையை ஆட்டி, கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். கோடரியால் பனியை உடைத்துப் பெரிய கதவைத் திறந்தான். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மேசையைத் தூக்கினார்கள். பாதி வழியில் வெண்டல் முழங்காலை மடக்கி நின்றான்.

“என்னடா இது, பிணம் மாதிரி கனக்குது.”

“ராத்திரி நீ தூங்கியிருக்க மாட்ட. அதான்,” என்றான் கிளைட்.

“இறக்குங்க,” என்றாள் இமோஜீன். “இன்னிக்கு வியாழக்கிழமை. ஒரு ஆட்டமாவது ஆடாம இந்த மேசையை வெளிய விடமாட்டேன்.”

பைத்தியக்கார ஆசை என்று நினைத்தார்களோ என்னவோ, இரண்டு மரத்தாங்கிகள்மேல் மேசையை வைத்தார்கள். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சீட்டைப் பிரித்தாள். வெண்டலுக்கு இரண்டு, கிளைட்டுக்கு இரண்டு, தனக்கு இரண்டு. தன் முறை வந்தது. பந்தயம் ஏற்றாமல் விடும்போது எல்லோரும் செய்வதுபோல விரல்முட்டியால் மேசையை இரண்டு தட்டு தட்டினாள்.

தொப், தொப்.

அவள் தலை மெல்ல நிமிர்ந்தது. வெண்டலின் மேசை அப்படிப் பேசாது. வியாழக்கிழமைகளில் அவள் கேட்ட சத்தம் ஃபோமுக்கு அடியிலிருந்து டக் டக்கென்று திருப்பிப் பேசும்.

கிளைட் கோலாவைக் குடித்துவிட்டு, வைக்க இடம் தேடி, குனிந்து தரையில் வைத்தான்.

“பாவம், கேன் வைக்க ஒரு குழிகூட இல்ல,” என்றாள் இமோஜீன்.

“மாமனாருக்குக் குழி பிடிக்காது,” என்றான் அவன்.

“உங்க மாமனார எனக்குத் தெரியும் கண்ணு. காபிக் கோப்பையோட பிறந்தவரு. வெண்டல், அந்தத் துளைவெட்டிய எடு. பிறந்தநாள் பரிசா நான் போடறேன், நாலு மூலைக்கும் நாலு குழி.”

வெண்டல் ஒன்றும் புரியாமல் டிரில்லில் துளைவெட்டியை மாட்டினான். கிளைட் சிரித்தான், வேண்டாம் என்றான், துணி கெட்டுவிடும் என்றான். துணி குழிக்குள் மடங்கி உட்கார்ந்துகொள்ளும் என்று அவனுக்கே தெரியும்; அந்த வேலையை நூறு முறை செய்தவன். வெண்டல் டிரில்லை முடுக்கினான். பல் சுழல்கிற சத்தம் கேரேஜ் முழுக்க நிறைந்தது. முனை துணியைத் தொடப் போனபோது கிளைட் இரண்டு கையையும் விரித்து மேசைமேல் படுத்துவிட்டான்.

“நிறுத்து வெண்டல். ஓட்டை போட்டா அது எதுக்கும் உதவாது.”

டிரில் நின்றது.

“எது எதுக்கும் உதவாது, கிளைட்?” என்று கேட்டாள் இமோஜீன்.

அவன் மேசையை விட்டு அசையவில்லை. அவளே சொன்னாள்.

“பலகை இந்த அறையை விட்டு வெளிய போகவே இல்ல வெண்டல். அதுமேல நீ இப்ப டிரில்ல வெச்சிருக்க. நேத்து இவன் செஞ்சது ரொம்ப எளிசு. நீ வெட்டிக் கொடுத்த பிளைவுட்டை அறுத்து அடுப்புல போட்டான். அதனாலதான் காலையில இங்க அவ்வளவு சூடு, சாம்பல் நிறைய. ஆனா எரிக்கிற கட்டை பீப்பாய்ல குறையவே இல்ல. அப்புறம் அச்சுப்பலகையை இறக்கி, மேல ஃபோம் ஒட்டித் துணி போத்தினான். ஒத்தையா இறக்கினதுக்கு முதுகு வலிச்சிருக்கும், அதுக்கு நான் வருத்தப்படறேன். வெறுங்கையோட வெளிய போனான். போறத நான் பார்க்கணும்னே மெதுவா நடந்தான். இன்னிக்கு நீயே கதவை உடைச்சுத் திறந்து, நீயே தூக்கி, அவன் வண்டியில ஏத்திவிட இருந்த.”

“தூக்கினப்ப எனக்குத் தெரிஞ்சிருக்கணும்,” என்றான் வெண்டல்.

“உனக்குத் தூக்கம் இல்லன்னு அவன்தான் சொல்லிட்டானே. ஆனா நாம எல்லாரும் கண்ணு முன்னாலயே கோட்டை விட்டது வேற. தூங்கறப்பக்கூட கேனை விடாத ஒருத்தன், போன வாரமே உன்கிட்ட வந்து குழி இல்லாம மேசை வேணும்னு கேட்டிருக்கான். இந்த மாவட்டத்துல எந்தப் போக்கர்க்காரனும் அப்படிக் கேட்டதில்ல. குழி வெட்டின மேசையா இருந்தா இந்தப் பலகை அதுக்குப் பதிலா நிக்க முடியாது. குழி வெட்டினா பலகை செத்துடும். அவனுக்கு ரெண்டுமே தெரியும்.”

கிளைட் மேசையிலிருந்து எழுந்தான். பாய்ட் தன் கடைப் பட்டறையை அவன் பொறுப்பில் விடுவதாகச் சொன்னாராம், வளைவு வெண்டலிடம் இல்லாமல் தன் கைக்கு மட்டும் வந்தால். ஆலை மூடியபோது வேலை போனது வெண்டலுக்கு மட்டுமா என்று கேட்டான். ஊரே வெண்டல் மேசை, வெண்டல் மேசை என்கிறது, பின் அடித்த கை யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை என்றான். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

டார்லீன் காவல்துறைக்குப் போன் போடத் திரும்பினாள். வெண்டல் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். பின் பிடுங்கும் இடுக்கியை எடுத்துச் சிவப்புத் துணியை ஒரே இழுப்பில் கிழித்தான். ஃபோமை உரித்தான். அடியில் பழுப்பு நிறத்தில், ஒரு குளிர்காலத்துப் பென்சில் கோடுகளோடு, அச்சுப்பலகை கிடந்தது. உள்ளங்கையால் ஓரத்தை ஒருமுறை முழுசாகத் தடவிப் பார்த்தான். எங்கும் சிராய்ப்பு இல்லை.

பிறகு ஒரு முழு பிளைவுட்டைச் சுவரோரத்திலிருந்து இழுத்துவந்தான். மறுமுனை தரையில் உரசியது. கிளைட் கதவை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.

“எங்க போற?” என்றான் வெண்டல்.

கிளைட் நின்றான்.

“மூணு மேசை பாக்கி. தனியா என்னால சனிக்கிழமைக்குள்ள முடியாது. உன்மேல இருக்கற கோவத்தை ஞாயித்துக்கிழமைக்கு வெச்சுக்கறேன், அது கெட்டுப்போகாது,” என்றான் வெண்டல். “இப்ப வந்து அந்த முனையைப் பிடி.”