தூங்கினால் நிற்காத வண்டி

2064ஆம் ஆண்டு மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு, ஈரோடு பெருந்துறை சாலையில் உள்ள பழைய வண்டிச் சந்தையில், ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் பதினோரு வயதான வெள்ளைத் தன்னோடி ஒன்றுக்கு விலைகாட்டி ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் என்று காட்டியது. அதை விற்க வந்திருந்த பவித்ரா கேட்டது பதினொன்றரை லட்சம்.

வாங்க வந்திருந்த ரோஷிணி தூணில் இருந்த விலைகாட்டித் திரையை இன்னொரு முறை படித்தாள். சக்கரங்கள் நன்று. மின்கலம் நன்று. கடைசி வரி சிவப்பில் இருந்தது. “குறை: பயணி தூங்கிவிட்டால் நிற்பதில்லை. விழிக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கிறது.”

“குறைன்னு அதுவே சொல்லுது. அதுக்கு ரெட்டை வெலையா?” என்றான் அவள் கணவன் முகிலன். இடுப்புப் பட்டை இறுக, ஊன்றுகோலில் சாய்ந்து நின்றான். “அதும் செவ்வாக்கெழம. வா, போலாம்.”

“செத்த பொறுங்க மாமா.”

விலைகாட்டி வந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. பொருளைப் பார்க்கும், பேச்சைக் கேட்கும், மாவட்டம் முழுக்க அன்று நடந்த விற்பனைகளோடு ஒப்பிட்டு ஒரு தொகையைச் சொல்லும். அதற்குக் கீழே விற்றால் குற்றம். மீதியைக் கணக்கில் வராமல் கறுப்புப் பணமாக வாங்குவார்கள் என்று அரசு நினைத்தது. அதற்கு மேலே வாங்குவது குற்றமில்லை. ஆனால் வாங்கியவனை ஊர் சிரிக்கும். பேரம் பேசத் தெரிந்தவர்கள் ஈரோட்டில் அனேகமாக இல்லை.

அவர்களிடம் பன்னிரண்டு லட்சம் இருந்தது. முகிலன் மின்தூக்கி பழுதுபார்ப்பவன். இரண்டு வருடம் முன்பு மூன்றாவது மாடியில் இருந்து கூண்டுக் குழிக்குள் விழுந்தான். “ஊரையே மேல ஏத்தி வுட்டவன் நானு. கீழ வந்தது நான் ஒருத்தன்தான்” என்று பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் சொன்னான். அந்த நஷ்டஈடுதான் இந்தப் பன்னிரண்டு. வண்டிக்கு ஆறரை, மீதியில் முதுகெலும்பில் பதிக்கும் வலியடக்கி. பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்று மருத்துவர் சொல்லியிருந்தார். விழுந்த நாளில் இருந்து முகிலன் ஒரே மூச்சில் நாற்பது நிமிடத்துக்கு மேல் தூங்கியதில்லை. அவன் விழித்தபோதெல்லாம் ரோஷிணியும் விழித்தாள். அந்தக் கணக்கை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

“ஏனுங்க்கா, எதுக்கு இந்த வெல?” என்று கேட்டாள்.

பவித்ராவுக்கு அறுபத்தெட்டு வயது இருக்கும். வண்டியின் கதவில் கை வைத்தபடியே நின்றிருந்தார்.

“என்ற மக பெத்தது ரெட்டைங் கண்ணு. ஒண்ணு தூங்குனா இன்னொண்ணு கத்தும். இதுல போட்டாத்தான் ரெண்டும் ஒண்ணாக் கண்ண மூடும். வாசல்ல கொண்டாந்து நிறுத்துனா உடனே முழிச்சுக்கும். மூணு வருசம் நாங்க பட்ட பாட்டப் பாத்து இதுவே கத்துக்கிச்சு. நிக்காது. ரெண்டும் முழிச்சாத்தான் வூட்டுக்கு வரும்.”

தன்னோடிகள் அப்படித்தான். இருக்கைக்குள் இருக்கும் மெய்யுணரிகள் உட்கார்ந்தவரின் உடம்பைப் படித்துக்கொண்டே இருக்கும். எந்த வளைவில் கைப்பிடியைப் பற்றினார், எந்த வேகத்தடையில் மூச்சைப் பிடித்தார் என்று பார்த்துப் பார்த்து வண்டி தன் ஓட்டத்தை மாற்றிக்கொள்ளும். அதற்குப் பட்டறிவு என்று பெயர். ஒரு வண்டியின் பட்டறிவை இன்னொன்றுக்கு நகலெடுக்கச் சட்டம் விடாது. அது பயணியின் உடல் ரகசியம். அழிக்க மட்டும் விடும்.

“பேத்திகளுக்குப் பத்து வயசாச்சு. சைக்கிள்ள போறாளுக. மருமகன் வித்துருங்கறாரு. நேத்து ரெண்டு பேரு ஆறு நாப்பதுக்குக் கேட்டாங்க. ரெண்டு பேரும் மொதல்ல கேட்டதே, மூளையத் தொடைக்க எத்தன ஆகும்னுதான். தொடைச்சுட்டு வாடகைக்கு ஓட்டுவாங்களாம்.” பவித்ரா கதவைத் தட்டிக்கொடுத்தார். “தொடைக்கறவன் குடுக்காத வெலையாப் பாத்துச் சொல்லி வெச்சிருக்கறேன்.”

“அக்கா, தொடைக்காதவங்ககிட்டயும் அத்தன பணம் இருக்கோணுமில்லைங்?” என்றான் முகிலன்.

“அதுஞ் செரிதான் தம்பி. அரை மணி நேரம் ஓட்டிப் பாக்கக் காசு கெடையாது. ஏறுங்க.”

ஒன்பது நாற்பதுக்குக் கிளம்பினார்கள். முகிலன் பின்னிருக்கையில் சாய்ந்து, வண்டியைக் குறை சொல்லத் தயாராக இருந்தான். முதல் வேகத்தடை வந்தது. எப்போதும்போல் ரோஷிணி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஒரு தென்னந்தோப்பின் நீளத்துக்கு முன்பே வேகம் குறைத்து, ஒரு பக்கச் சக்கரம் ஏறி இறங்கியபின் மறுபக்கம் ஏறி, அந்தப் பக்கம் போய்விட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தாண்டிருச்சா?”

“தாண்டிருச்சு மாமா.”

“பரவால்லயே. ஆனாலும் அஞ்சு லட்சம் சாஸ்திக்கு வாங்குனா, நம்ம தெருவுல என்னைய...” என்று தொடங்கியவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. ரோஷிணி திரும்பிப் பார்த்தாள். வாய் சற்றுத் திறந்திருந்தது. கை ஊன்றுகோலில் இருந்து நழுவி மடியில் கிடந்தது.

அவள் அசையாமல் இருந்தாள். நாற்பது நிமிடம் கழிந்தது. ஐம்பது. வண்டி சந்தை வாசலைத் தாண்டிப் போனது. கைப்பேசி அதிர்ந்தது.

“தூங்கிட்டாரா கண்ணு?” பவித்ரா கிசுகிசுத்தார்.

“ஆமாங்க்கா. வண்டி நிக்க மாட்டேங்குது. மன்னிச்சுக்கோங்க. எழுப்பட்டுங்களா?”

“எழுப்புனீன்னா பாத்துக்கோ. வெய்யி போன.”

வண்டி காளிங்கராயன் வாய்க்கால் கரைச் சாலையைப் பிடித்தது. அங்கே ஹாரன் சத்தம் இல்லை. மஞ்சள் வயல்கள் ஒரே வேகத்தில் பின்னால் போயின. வெயில் முகத்தில் விழுந்த பக்கத்துக் கண்ணாடி தானாகக் கருத்தது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று ரோஷிணி நினைத்தாள். அவள் கடைசியாக நினைத்தது அதுதான்.

அவர்கள் விழித்தபோது மூன்றரை மணி. மின்னூட்டம் ஒன்பது விழுக்காடு இருந்தது. மூன்றே முக்காலுக்கு வண்டி சந்தைக்குள் நுழைந்து, கிளம்பிய இடத்திலேயே நின்றது. முகிலன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “சாப்புட்டமா நாம?” என்று கேட்டான். ரோஷிணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அவள் இறங்கி நேராகப் பவித்ராவிடம் போனாள்.

“அக்கா, பதினொண்ணரைக்கே முடிச்சுக்கலாம்.”

“ஏய், வலியடக்கி?” என்றான் முகிலன்.

“அது பாதிக்குப் பாதி மாமா. இது இன்னிக்கே நடந்துச்சு. நானுந் தூங்குனேன். ஊரு சிரிச்சாச் சிரிக்கட்டும். நாம தூங்கிட்டிருப்போம், காதுல வுழுகாது.”

முகிலன் வண்டிக்குள் இருந்து அவளை நோக்கிக் கை நீட்டினான். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

பவித்ரா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அந்த வெல உங்களுக்கு வெச்சதில்ல சாமி. தொடைக்கறவனுக்கு வெச்சது. ஆறு நாப்பது குடு, போதும்.”

மூவரும் தூணருகே போனார்கள். திரை மாறியிருந்தது. “சோதனை ஓட்டம்: ஆறு மணி ஐந்து நிமிடம். மாவட்டத்தில் பதிவானதில் மிக நீண்டது. வாங்குபவர் விருப்பம்: மிக அதிகம்.” குறை என்று சிவப்பில் இருந்த வரி இப்போது பச்சையில், சிறப்பு என்ற தலைப்பின் கீழ் இருந்தது. விலை பதின்மூன்று லட்சத்து இருபதாயிரம்.

“தூங்குனதுக்கா வெல ஏத்திருச்சு?” என்றான் முகிலன்.

அவர்களிடம் இருந்தது பன்னிரண்டு. ரோஷிணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பவித்ரா ஆறு நாற்பது என்று அழுத்தினார். விலைகாட்டி பேசியது.

“இது சந்தை விலைக்குக் கீழே உள்ளது. பதிவு செய்ய இயலாது. உறவினருக்கு மட்டும் விலக்கு உண்டு. வாங்குபவர் உங்களுக்கு என்ன உறவு?”

பவித்ரா தயங்கவில்லை. “தங்கச்சி.”

“பதிவேட்டில் அப்படி இல்லை.”

“உம் பதிவேட்டுல இல்லாட்டி? காலைல இருந்து அவ என்னைய என்னன்னு கூப்புட்டான்னு நீயே கேட்டுட்டுத்தான இருந்த?”

திரையில் வட்டம் ஒன்று சுழன்றது.

“உரையாடல் ஆராயப்பட்டது,” என்றது விலைகாட்டி. “வாங்குபவர் விற்பவரை அக்கா என்று பதினோரு முறை அழைத்துள்ளார். விற்பவர் வாங்குபவரைக் கண்ணு என்று ஒன்பது முறையும் சாமி என்று ஒரு முறையும், வாங்குபவரின் கணவரைத் தம்பி என்று நான்கு முறையும் அழைத்துள்ளார். குரலில் நடிப்பு இல்லை. உறவு உறுதி செய்யப்பட்டது.”

நான்கு மணி இருபது நிமிடத்துக்கு வண்டி ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க்கு ரோஷிணி பெயரில் பதிவானது. இரட்டைப் பேத்திகள் இருவரும் பள்ளி விட்டு சைக்கிளில் வந்து, வண்டியின் மூக்கில் ஆளுக்கொரு முத்தம் வைத்துவிட்டுப் போனார்கள்.

வலியடக்கி ஏப்ரலில் பொருத்தப்பட்டது. பலிக்கவில்லை. முகிலன் தினமும் மதியம் வண்டியில் நான்கு மணி நேரம் தூங்கினான். அவன் முன்னதாகவே விழித்த நாட்களிலும், ரோஷிணி விழிக்கும்வரை வண்டி நிற்கவில்லை. அவனும் நிற்கச் சொல்லவில்லை.

ஒருமுறை ஏற்றுக்கொண்டதை விலைகாட்டி மறப்பதில்லை. அந்த மார்ச் 11க்குப் பிறகு ஏழு வாரங்களில் ஈரோடு சந்தையில் நானூற்றுப் பன்னிரண்டு வண்டிகள் விற்றன. அவற்றில் நானூற்று ஒன்பது, அண்ணன், அக்கா, தம்பி, மாப்பிள்ளை, பெரியப்பா முதலிய உறவினர்களுக்கு இடையே நடந்த விற்பனையாகப் பதிவாகியிருந்தன. அவர்களில் யாரும் அதற்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. குரலில் நடிப்பு இருப்பதாக விலைகாட்டி ஒரு இடத்திலும் குறிக்கவில்லை.

மே 6 அன்று விலைகாட்டி அங்கிருந்து அகற்றப்பட்டது. தூணருகே இப்போது விற்பவரும் வாங்குபவரும் உட்கார்ந்து பேச இரண்டு நாற்காலிகள் போடப்பட்டுள்ளன.