கால் இல்லாத குடித்தனக்காரன்

மார்ச் 7, வியாழன். இன்று ஒரு சிறிய தவறு. ‘பெருக்கும் வாரம்’ பலகையில் தூசி இருந்தது. கழற்றித் துடைத்தேன். ‘திரும்ப மாட்டிட்டியா?’ என்று அம்மா கேட்டபோது, போய்ப் பார்க்காமலே ‘மாட்டிட்டேன்’ என்று சொல்லிவிட்டேன். எங்கள் கதவில்தான் மாட்டியிருப்பேன். அநேகமாக.

மெர்லே டைரியை மூடினாள். அவள் மனத்தில் பலகைக்கு இடமே இல்லை. அங்கே ப்ரெட்ஸல் சுருண்டு படுத்திருந்தது.

ப்ரெட்ஸல் ஒரு பாம்பு. ஆரஞ்சு நிறம், விஷம் கிடையாது. தூங்கும்போது தன்னையே முடிச்சுப் போட்டுக்கொள்ளும், ரொட்டிக் கடையில் விற்கும் ப்ரெட்ஸலைப் போல. டோரிட் அத்தைதான் அதை வளர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அத்தை கனடாவுக்குக் குடிபோகிறாள். அதற்குள் மெர்லே வாங்கிக்கொள்ளாவிட்டால், ஹாம்பர்கில் முகம் தெரியாத ஒருவருக்கு அது போய்விடும்.

“எனக்குச் சம்மதம்தான். ஆனா வீட்டுக்காரர் சரின்னு சொல்லணும். நீயே போய்க் கேளு, பாம்பு உன்னோடதுதானே?” என்று அம்மா சொல்லிவிட்டாள்.

வீட்டுக்காரர் ஹேபர்லே ஐயா எதிர் வீட்டில்தான் இருந்தார். ஸ்டுட்கார்ட் முழுக்கத் தேடினாலும் அவரைப் போல ஒழுங்கு பார்ப்பவர் கிடைக்க மாட்டார். மதியம் தூங்கும் நேரத்தில் சின்னச் சத்தம்கூடக் கூடாது. படிக்கட்டில் முகம் பார்க்க முடிய வேண்டும். அந்த மாடியில் இரண்டே வீடுகள். பலகை ஒரு வாரம் இந்தக் கதவில் தொங்கும், அடுத்த வாரம் அந்தக் கதவில். எந்தக் கதவில் தொங்குகிறதோ, அந்த வீட்டார் படிகளைப் பெருக்கித் துடைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மெர்லே பள்ளியிலிருந்து வந்தபோது, ஹேபர்லே ஐயா பாதிப் படிக்கட்டில் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் ஈரத் துணி, மறு கை இடுப்பில், பக்கத்தில் தண்ணீர் வாளி.

மெர்லே அண்ணாந்து பார்த்தாள். பலகை அவர் கதவில் தொங்கியது.

அடக் கடவுளே!

“ஐயா, நீங்களா துடைக்கிறீங்க?”

“பலகை என் கதவுலதானே தொங்குது? தொங்கினா துடைக்கணும்.” அவர் மெல்ல நிமிர்ந்தார். “போன வாரமும் நான்தான் துடைச்ச மாதிரி இருக்கு. இல்லையோ? என்னமோ போ. எல்லாம் மறந்து போகுது. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது.”

அவர் குரல் என்றும் இல்லாதபடி சின்னதாக இருந்தது.

உண்மையைச் சொன்னால் கத்துவார். கத்தினால் ப்ரெட்ஸல் ஹாம்பர்குக்குப் போய்விடும். ஆனால் சொல்லாவிட்டால்? அவர் முகத்தை இன்னொரு முறை பார்த்தாள்.

“உங்களுக்கு மறதியே இல்லை, ஐயா. போன வாரம் நீங்கதான் துடைச்சீங்க. இது எங்க வாரம். பலகையை மாத்தி மாட்டினது நான். மன்னிச்சுக்கோங்க.”

துணியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

“அப்போ எனக்கு மறதி இல்லையா?”

“துளிகூட இல்லை.”

ஹேபர்லே ஐயா சிரித்தார். படிக்கட்டே அதிர்ந்தது. “ராத்திரி பூரா தூங்கலை நான்! அடி வாலு, எல்லாம் உன் வேலையா? இந்தா, துணியைப் பிடி!”

மெர்லே துடைத்தாள். அவர் மேல் படியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

“மூலையைப் பாரு, மூலையை! எல்லாம் அந்த மேல்மாடி நாயால வந்தது. படியெல்லாம் முடி. மழை பெஞ்சா சேத்துக்கால். மத்தியானம் கண்ணை மூடினா, லொள் லொள்!”

அவரிடம் அனுமதி கேட்கக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் மெர்லேவுக்கு மறந்துபோயிருந்தது. ஆனால் இப்போது ஒன்று தோன்றியது.

“ஐயா, முடியே கொட்டாத, சேத்துக்கால் வைக்காத, குரைக்கவே தெரியாத ஒரு பிராணி இருந்தா?”

“பூங்கொத்து கொடுத்து வரவேற்பேன். என்ன அது, மீனா?”

“பாம்பு.”

இடுப்பு வலியை மறந்து அவர் துள்ளி எழுந்தார். “பாம்பா! என் வீட்லயா? கூடவே கூடாது!”

கைப்பிடிக் கம்பியை அவர் இறுக்கிப் பிடித்திருப்பதை மெர்லே கவனித்தாள். அவள் சிரிக்கவில்லை.

“என்ன கவலைன்னு சொல்லுங்க, ஐயா.”

“கவலையா? எனக்கா? மத்தவங்களுக்காகத்தான் சொல்றேன். ராத்திரி வெளியே வந்துட்டா?”

“வராது. கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டு இருக்கு. ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட.” மெர்லே ஒரு கணம் யோசித்தாள். “இன்னொண்ணு உங்ககிட்ட. தினமும் நீங்களே வந்து பூட்டை இழுத்துப் பார்க்கலாம்.”

“தினமுமா?” அவர் கண் மின்னியது.

“தினமும்.”

“சரியா ஆறு மணிக்கு?”

“சரியா ஆறு மணிக்கு.”

ஹேபர்லே ஐயா தாடையைச் சொறிந்தார். “ஒரு கால்கூட இல்லையா அதுக்கு?”

“ஒண்ணுகூட இல்லை.”

“மத்தியானச் சத்தம்?”

“நாக்கை நீட்டும். அவ்வளவுதான்.”

“அடடா! இத்தனை வருஷத்துல இப்படி ஒரு குடித்தனக்காரன் எனக்குக் கிடைச்சதே இல்லையே!” அவர் தொடையில் தட்டினார். “கூட்டிட்டு வா. சம்மதம்னு எழுதியே தர்றேன். ஆனா ஒண்ணு, என்னைத் தொட்டுப் பார்க்கச் சொல்லக் கூடாது!”

“ஹே!” மெர்லே குதித்த குதியில் வாளி கவிழ்ந்தது. தண்ணீர் சளசளவென்று கடைசிப் படிவரை இறங்கி ஓடியது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

“துடை,” என்றார் ஹேபர்லே ஐயா.

மெர்லே எல்லாப் படிகளையும் மறுபடி துடைத்தாள், பாடிக்கொண்டே.

மார்ச் 8, வெள்ளி. பலகை எங்கள் கதவில் இருக்கிறது. மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டேன். நாளை காலை ப்ரெட்ஸலை அழைத்து வர வேண்டும். ஆறு மணிக்குள் இரண்டாவது சாவியை எதிர் வீட்டில் கொடுக்க வேண்டும்.