இளஞ்சிவப்புக் குடுவை

திங்கட்கிழமை காலை அவளுடைய ரத்தம் எண்பத்தொன்பது காட்டியது. மூன்று வருஷமாகத் தொண்ணூற்றொன்பதுக்குக் கீழே இறங்காத ரத்தம் அது.

மனித செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஓர் ஏற்பிப் புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை அந்த ஆய்வுக்கூடத்தில் தயாரித்தார்கள். வேறு எந்தப் பிராணியின் செல்லிலும் அது ஒட்டாது. ஒவ்வொரு புதுக் குப்பியையும் இரண்டு குழாய்களில் சோதிக்க வேண்டும். ஒன்றில் கட்டாயம் ஒட்ட வேண்டிய மனித ரத்தம், மற்றதில் ஒட்டவே கூடாத எலிச் செல்கள். மனித ரத்தத்துக்கு எங்கே அலைவது? அவள் தன் விரலையே குத்திக்கொள்வாள். ஆன்டிபாடி ஒட்டிய செல் லேசர் முன்னால் பச்சையாக மின்னும். நூற்றுக்கு எத்தனை மின்னின என்று இயந்திரம் சொல்லும்.

"என்னம்மா, ரத்தத்துல தண்ணி கலந்துட்டியா?" என்றார் பக்கத்து மேசைக்காரர். மூக்கு நுனியில் கண்ணாடி எப்போதும் விழப்போவதுபோல் தொங்கும் என்பதால் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றே பெயர்.

"வீட்டு வேலை, ஆபீஸ் வேலைன்னு ஓடறேன் சார். அதுக்கும் அலுப்பு வராதா?"

சிரித்தபடி அவர் தன் விரலைக் குத்திக் கொடுத்தார். தொண்ணூற்றொன்பது. குப்பியில் குறையில்லை. அதற்குப் பிறகுதான் எலிச் செல்களின் எண்ணை அவள் கவனித்தாள். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று இருந்தது.

இயந்திரம் இருந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் விளக்கை அணைத்துத்தான் உட்கார வேண்டும். குளிர்சாதனத்தின் ஓயாத இரைச்சல், ஸ்பிரிட் நெடி, மெல்லிய குழாய் வழியாகத் தன் ரத்தம் உறிஞ்சப்படும் 'சர்ர்' சத்தம் எல்லாம் பழகிப்போனவைதான். ஆனாலும் செவ்வாய்க்கிழமை அவளால் அந்த நாற்காலியில் நிலையாக உட்கார முடியவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். புதுக் குப்பி, புதுக் குழாய்கள், தன் கையாலேயே எழுதி ஒட்டிய சீட்டுகள். ரத்தம் எழுபது. எலி முப்பது. கூட்டினால் நூறு.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். சாயந்திரம் தினமும் டீ குடிக்கும் கடையில், கடைக்காரர் டம்ளரை நீட்டிவிட்டு, "புதுசா இந்தப் பக்கம் வேலைக்கு வந்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு நடந்தாள்.

படுக்கையில் ஐந்து வயது மகள் வழக்கம்போல அவள் கழுத்தில் முகம் புதைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

"அம்மா வாசனை வரல."

"மருந்து வாசனைடா குட்டி. குளிச்சா போயிடும்."

எழுந்துபோய்க் குளித்துவிட்டு வந்தாள். மகள் சுவரோடு சுவராக ஒட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மகளுக்கு அவள் வேண்டும். அதைத் தவிர உலகத்தில் எது போனாலும் பரவாயில்லை என்று அந்த இருட்டில் அவளுக்குத் தோன்றியது.

புதன்கிழமை வாசலில் கைரேகைப் பெட்டி மூன்று முறை சிவப்பு விளக்கு காட்டியது. உள்ளே ரத்தம் நாற்பத்து நான்கு.

எலிச் செல்கள் வளரும் குடுவையை இன்குபேட்டரிலிருந்து எடுத்தாள். உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான குடுவை. உள்ளே இளஞ்சிவப்புச் சத்துநீர், உடம்புச் சூடு. நுண்ணோக்கியின் கீழ் எப்போதும் கண்டபடி சிதறிக் கிடக்கும் செல்கள் இன்று ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அவள் உட்கார்ந்திருந்த பக்கமாக. நாற்காலியை எதிர்ப்பக்கம் இழுத்துப் போட்டுக் காத்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது அவை அந்தப் பக்கம் சாய்ந்திருந்தன.

மூடியைத் திறந்தாள். சத்துநீரின் புளித்த வாடை வரவில்லை. காலையில் அவள் தலையணையில் இருக்கும் வாசனை வந்தது.

வியாழன். பன்னிரண்டு. எலி எண்பத்தெட்டு.

கணவனுக்குப் போன் செய்தாள்.

"யாருங்க பேசறது?"

"நான்தாங்க."

"நான்தான்னா?"

பின்னால் மகளின் குரல் கேட்டது. "அம்மாவாப்பா?"

"இல்லடா. யாரோ தெரியாம பண்ணிட்டாங்க."

பிளீச் பாட்டிலைத் திறந்து குடுவையைத் தொட்டியின் மேல் பிடித்தாள். கொட்டினால் முடிந்தது. ஆனால் உள்ளே இருப்பது யார்? தன்னிடமிருந்து போன எண்பத்தெட்டு அதில் இருந்தால்? அதைக் கொன்றுவிட்டு, மிச்சப் பன்னிரண்டை வைத்துக்கொண்டு எந்த மகளிடம் போய் நிற்பது? பிளீச் பாட்டிலை மூடினாள். குடுவை வெதுவெதுப்பாக இருந்தது.

கதவு திறந்தது. கண்ணாடிக்காரர்.

"நீங்க யாரைப் பாக்கணும்?" என்றார், மிகவும் மரியாதையாக.

அவள் குடுவையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ஓடினாள். சூடு ஆறக் கூடாது. மார்போடு அணைத்தபடி ஓடினாள். மதியம் மூன்று மணி வெயில். தெருவில் யாரும் அவள்மேல் மோதவில்லை. யாரும் விலகவுமில்லை.

அழைப்பு மணி. கணவன் கதவைப் பாதி திறந்தான். அவன் காலுக்குப் பின்னாலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள்.

"யாருப்பா இந்த ஆன்ட்டி?"

"குட்டி, அம்மாடா. அம்மா வந்திருக்கேன் பாரு."

மகளின் உதடு பிதுங்கியது. அழப்போகிறாள். அவளைத் தூக்க இவள் குனிந்தாள். தலைப்பு விலகியது.

"அம்மா!"

அந்த முகத்தில்தான் எத்தனை சந்தோஷம்! இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு பாய்ந்து வந்தாள். குடுவையைப் பிடுங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"வந்துட்டியா?" கணவனின் குரல் கனிந்துபோனது. அவன் குடுவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "ரெண்டு நாளா ஆளே சரியில்லை நீ. போய்ப் படு, நான் பாத்துக்கறேன்."

பிறகு இவள் பக்கம் திரும்பினான்.

"கொண்டுவந்து விட்டதுக்கு ரொம்ப நன்றிங்க."

கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. தட்டினாள். கத்தினாள். சுற்றிக்கொண்டு ஓடி ஜன்னலில் முகம் பதித்தாள்.

மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குடுவை. எதையோ கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். தலையாட்டினாள். சின்னக் கையை விரித்துக் குடுவையின் மேல் வைத்தாள்.

இளஞ்சிவப்பு நீருக்குள் வெண்படலம் ஒன்று மெல்ல அசைந்து வந்து, அந்தக் கைக்கு நேராக, உள்ளிருந்து ஐந்து விரல்களையும் விரித்தது.